பத்தொன்பது என்று மைக்கில் சொன்னவள்

மலையாள நகரத்தில் தமிழர்கள் நிறைந்த, 'சாலை' என்றே பேர் கொண்ட கடைத்தெருவில் பிரேமாவின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆடித் தள்ளுபடி என்றாலும் அவள்தான், ஓணத் தள்ளுபடி என்றாலும் அவள்தான். கணவன் உமாசங்கர் ஆட்டோவை ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டுவான். பின் சீட்டில் ஆம்ப்ளிஃபையரை மடியில் வைத்துக்கொண்டு, கூரைமேல் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக அவள் முதலில் தமிழிலும் அப்புறம் மலையாளத்திலும் பேசுவாள். "வாருங்கள், வாருங்கள்" என்று அவள் இழுக்கிற இழுப்பில், பருப்பு வாங்க வந்தவர்கள்கூட சேலைக் கடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, எதற்கு ஏறினோம் என்று முழிப்பார்கள்.

வள்ளியூர்ப் பக்கமிருந்து சுமை தூக்க வந்தவரின் மகள் அவள். வீட்டில் தமிழும் பத்தாவது வரை மலையாளப் பள்ளியிலும் படித்ததால் இரண்டு எழுத்தும் சரளமாக வாசிப்பாள். நயினார் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஓணக் காலத்தில் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ சும்மா வாசிச்சுப் பாரு பிள்ளே" என்று அண்ணாச்சி மைக்கை நீட்டினார். அன்றைக்கு வாங்கிய மைக்கை அவள் இருபத்திரண்டு வருஷமாகக் கீழே வைக்கவில்லை.

அவளிடம் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று தள்ளுபடிக் குரல். இன்னொன்று துக்கக் குரல். கடைக்காரர் சங்கத்தில் யாராவது இறந்தால் கடையடைப்பு அறிவிப்பதற்கு அதை எடுப்பாள். முதல் வார்த்தை காதில் விழும்போதே சந்தோஷமா சாவா என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். தொழில்காரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில்தான் பின்னால் வசமாக மாட்டிக்கொண்டாள்.

லாக்டவுன் வந்த மார்ச் மாதம் வார்டு சுகாதார ஆய்வாளர் ஷைஜு அவளைத் தேடி வந்தான். சின்ன வயசு, நல்ல பையன், தூக்கம் கெட்ட முகம். "சேச்சி, தமிழ்க்காரங்க இருக்கிற தெருவிலெல்லாம் வாசிக்கணும். மலையாளத்தில சொன்னா பாதிப்பேர் கேக்க மாட்டேங்கறா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு தாளைக் கொடுத்தான். வெளியே வராதீர்கள், கை கழுவுங்கள், கூட்டம் கூடாதீர்கள். பிரேமா துக்கக் குரலை எடுத்தாள். அரை நாளில் சந்துகள் காலியாயின. சர்க்காருக்கே நம் குரல் தேவைப்படுகிறது பார் என்று அவள் அன்றைக்கு இரண்டு கவளம் சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஏப்ரலில் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டு வாசலுக்கே காய்கறி வண்டி வரும் என்று ஒரு தாள் வந்தது, அவளும் வாசித்தாள். அவள் குடியிருக்கிற பட்டாணிச் சந்தில், நீல வயர்க்கூடையோடு பிச்சம்மாள் வந்து நின்றாள். வெங்காய மொத்தக் கடையில் சின்ன உள்ளி தொலித்துப் பிழைப்பவள், ஐம்பத்தைந்து வயசு, ஊரில் யாருக்கும் அடங்காத வாய். பத்து மணி பதினொன்றாகி, வெயில் ஏறி, ஒரு மணியும் ஆயிற்று. வண்டி வரவில்லை. ஏற்பாடு மாறிவிட்டது, மாறிய தாளை யாரும் பிரேமாவிடம் தரவில்லை.

"ஏட்டி பிரேமா, ஒன் பேச்சக் கேட்டு மூணு மணி நேரம் வெயில்ல காஞ்சேன். ஒனக்குத் தெரியாதத ஏன் சொல்லுத?" என்று பிச்சம்மாள் கேட்டாள்.

அன்றிலிருந்து ஆட்டோ சந்துக்குள் நுழைந்தாலே, "காய்கறி வண்டி வருது, கூடைய எடுங்க" என்று ஏதாவது ஒரு சன்னலிலிருந்து சத்தம் வரும். சிரிப்பும் வரும். பிரேமாவும் கூடச் சிரிப்பாள், ஆனால் அது அவளுக்குள் தைத்துக்கொண்டே இருந்தது.

ஜூலையில் 'ட்ரிபிள் லாக்டவுன்' என்று நகரத்தையே மூன்றடுக்காகப் பூட்டினார்கள். சந்தின் வாயில் கயிறு கட்டினார்கள். ஆகஸ்ட் நடுவில், ஓணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, கயிற்றை அவிழ்த்தார்கள். ஷைஜு புதிய தாளோடு வந்தான். கடைகள் திறக்கின்றன, பயப்பட வேண்டாம், மாஸ்க் போட்டுக்கொண்டு தைரியமாக வாருங்கள் என்று அதில் இருந்தது. நயினார் அண்ணாச்சிக்கும் வாயெல்லாம் பல். கடைக்காரர் சங்கச் செயலாளர் அவர். இந்த ஓணத்தை விட்டால் சங்கத்தில் பாதிக் கடைகள் திறக்கவே மாட்டாத நிலை.

மறுநாள் காலை பிரேமா சந்துக்குள் போனாள். நல்ல செய்திதானே என்று பழக்க தோஷத்தில் அவள் எடுத்தது தள்ளுபடிக் குரல். "வாருங்கள்! வாருங்கள்! இன்று முதல்..." என்று இழுத்தாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை. சாலையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாதா? ஐம்பது சதவீதம் தள்ளுபடி என்று கூவுகிற கடையில் விலையை ஏற்றிவிட்டுத்தான் குறைப்பார்கள் என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் குரலில் உயிர் விஷயத்தைச் சொன்னால் யார் வருவார்கள்? பிச்சம்மாளின் சன்னல் மட்டும் ஒரு சாண் திறந்தது.

"நேத்து வர வெளிய வந்தா செத்துருவேன்னு சொன்னே. இன்னிக்கு வா வாங்கே. ஒரே ராத்திரியில கிருமி எங்கட்டி போச்சு? வண்டி பிடிச்சுப் போயிட்டா?"

"சர்க்கார் சொல்லுதுக்கா."

"சர்க்கார் சொல்லட்டும். நீ சொல்லு. நம்ம வார்டுல எத்தன பேருக்கு இருக்கு? எத்தன பேரு பிழைச்சு வந்தா? ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"பின்ன என்ன மண்ணுக்கு மைக்?"

சன்னல் சாத்திக்கொண்டது. உமாசங்கர் ஆட்டோவைத் திருப்பினான். பிரேமாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிச்சம்மாள் மேல் வந்த கோபம் சந்து முனை தாண்டுவதற்குள் தணிந்துவிட்டது. தன்மேல் வந்தது தணியவில்லை. இருபத்திரண்டு வருஷம் பேசிச் சம்பாதித்த பெயர், ஒரு காய்கறி வண்டியிலும் ஒரு 'வாருங்கள்' என்பதிலும் போய்விடுமா? போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

நேரே ஷைஜுவிடம் போய் நின்றாள். "ஸாரே, பயப்படாதேன்னு சொல்லுகத நான் வாசிக்க மாட்டேன். எண்ணம் தாருங்க, அதான் கணக்கு. எத்தன பேர சோதிச்சியோ, எத்தன பேருக்கு இருக்கு, எத்தன பேரு சுகமாகி வந்தா. அத வாசிக்கேன்."

"அது டிவியில தினமும் சொல்றாங்களே சேச்சி."

"அது ஜில்லாவுக்கு. எங்க வார்டுக்கு?"

ஷைஜுவின் பையில் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. அவன் கை தன்னையறியாமல் அதன்மேல் போனதைப் பிரேமா பார்த்துவிட்டாள். "அதைச் சொன்னா ஆளுகள் பேடிச்சு, பயந்து போவா சேச்சி. மேலே அனுமதியும் வேணும்" என்றான். பிரேமா தாளை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் உமாசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏட்டி, ஓணத்துக்கு அண்ணாச்சி கடை விளம்பரம் முழுசும் நமக்குத்தான்னு சொல்லியிருக்காரு. நீ இப்ப மைக்க வச்சுட்டு வந்தா எப்படி?"

"இந்தாருங்க, நான் சொன்னா ஒருத்தரும் நம்பல்ல. நம்பாத வாய வச்சு விளம்பரம் பண்ணி அண்ணாச்சிக்கு என்ன பிரயோஜனம்?"

அவன் யோசித்துப் பார்த்தான். அப்புறம் எப்போதும் போல ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

மூன்று நாள் கடைகள் திறந்து கிடந்தன. ஆள் இல்லை. அண்ணாச்சி மடித்த சேலைகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அதைவிட ஷைஜுவின் பாடு மோசம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் போட்டிருந்த சோதனை முகாமுக்கு முதல் நாள் பதினோரு பேர், மறுநாள் ஏழு பேர். கடைக்கு வரவே பயப்படுகிறவர்கள் சோதனைக்கு எங்கே வருவார்கள்? நாலாம் நாள் அவனே பட்டாணிச் சந்துக்கு வந்து சேர்ந்தான்.

"பேரு சொல்லப் பாடில்ல, கூடாது. வீட்டு நம்பரும் பாடில்ல. எண்ணம் மட்டும்" என்றான்.

"மேலே சம்மதிச்சுட்டாங்களா?"

"கேட்டேன். வேண்டாம்னு சொல்லலை."

சர்க்கார் உத்தியோகத்தில் அதற்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம். பிரேமா மைக்கை எடுத்தாள்.

அன்று மாலை சரியாக ஐந்து மணிக்கு ஆட்டோ சந்துக்குள் நின்றது. பிரேமா வாயைத் திறந்தவள் ஒரு கணம் தயங்கினாள். தள்ளுபடிக் குரல் ஆகாது, துக்கக் குரலும் ஆகாது. இரண்டும் போனால் மிச்சமிருப்பது வீட்டில் 'சோறு வெந்துட்டு' என்று சொல்கிற குரல்தான். அதை அவள் மைக்குக்கு முன்னால் கொண்டுவந்ததே இல்லை. மைக்குக்கு ஆகாத குரல் என்றே நினைத்திருந்தாள்.

"நம்ம வார்டில் இன்றைக்கு முகாமிலும் ஆஸ்பத்திரியிலுமாகச் சோதித்தது இருபத்துமூன்று பேர். தொற்று மூன்று பேருக்கு. சுகமாகி வீட்டுக்கு வந்தவர்கள் நான்கு பேர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு ஐந்து மணிக்கு வருவேன்."

மலையாளத்திலும் அதையே சொன்னாள். இழுப்பு இல்லை, தேம்பல் இல்லை. ஆட்டோ அடுத்த சந்துக்குப் போய்விட்டது. காய்கறி வண்டி என்று யாரும் கத்தவில்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தாள்.

மறுநாள் நாலைந்து சன்னல்கள் சாண் அளவு திறந்திருந்தன. அதற்கடுத்த நாள் முழுசாகவே திறந்திருந்தன. பிச்சம்மாள் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எண்களை எழுதி வைத்துக்கொண்டாள். மூன்று, இரண்டு, இரண்டு. எழுதியதோடு விடுவாளா?

"ஏட்டி, சோதிச்சதே இருபத்திச் சில்லறை பேருன்னா, மிச்சம் பேருக்கு இருக்கா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?" என்று சன்னலிலிருந்தே குறுக்கு விசாரணை செய்தாள்.

பிரேமா அதை ஷைஜுவிடம் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் மைக்கிலேயே சொன்னாள். "பிச்சம்மாள் அக்கா நேற்று ஒன்று கேட்டார்கள். மிச்சப் பேருக்கு இருக்கிறதா என்று. ஸாரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாதாம். தெரிய வேண்டுமென்றால் நாம்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய் நிற்க வேண்டுமாம்."

சர்க்காரின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தையைச் சந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. மறுநாள் முகாமுக்கு நாற்பது பேர் வந்தார்கள். கடைத்தெருவிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆள் நடமாட்டம் தெரிந்தது. அண்ணாச்சி மூன்று சேலை விற்றார்.

ஓணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது அந்தத் தாள் வந்தது. பிரேமா அதைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சோதித்தது அறுபத்தெட்டு. தொற்று பத்தொன்பது.

அன்று மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்துபோனது அவளுக்குத் தெரியும், இத்தனை பேர் என்று தெரியாது. அதற்குள் யார் மூலமோ விஷயம் எட்டி, நயினார் அண்ணாச்சி சட்டைப் பித்தான்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வந்தார்.

"பிரேமா, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல்ல. இன்னிக்கு ஒரு நாள் மைக் ரிப்பேர்னு இருந்துரு. இப்பத்தான் ஆளுக தலைகாட்டுது. நீ பத்தொம்பதுன்னு சொன்னேன்னா ஓணம் வர ஒரு ஈ காக்கா வராது. கடையில வேலை பாக்குத பிள்ளைகள நான் என்ன செய்ய?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. லாக்டவுன் காலம் முழுக்க வேலையாட்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பியவர். அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் பிரேமா தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

உமாசங்கரும் மெல்ல, "ஆம்ப்ளிஃபையர் சூடாயிட்டுன்னு சொல்லலாம். நெசமாவே சூடாத்தான் இருக்கு" என்றான்.

பிரேமா ஷைஜுவுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம், "எழுதினது நானாக்கும் சேச்சி. எனக்கு மாத்தி எழுத அறியில்ல. வாசிக்கறதும் வாசிக்காததும் சேச்சியோட தீர்மானம்" என்றான்.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பிச்சம்மாள் கையில் பென்சில் இருந்தது. வெயிலில் நீலக் கூடையோடு நின்ற பழைய பிச்சம்மாளும் பிரேமாவின் கண்ணுக்குள் வந்து நின்றாள். ஒனக்குத் தெரியாதத ஏன் சொல்லுத என்று கேட்டவள் அவள். தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று நாளைக்குக் கேட்டால்?

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க" என்றாள். மைக்கை ஆன் செய்தாள்.

"நம்ம வார்டில் இன்றைக்குச் சோதித்தது அறுபத்தெட்டு பேர். தொற்று பத்தொன்பது பேருக்கு. நீங்கள் தப்பாகக் கேட்கவில்லை, பத்தொன்பதுதான். எல்லோரையும் சிகிச்சைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். சுகமாகி வந்தவர் ஒருவர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு ஐந்து மணிக்கு வருவேன்."

சொல்லி முடித்ததும் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. சந்து முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு நடந்து போனார். பிரேமா பின் சீட்டில் உட்கார்ந்து மாஸ்க் நனைய அழுதாள். எல்லாம் போயிற்று என்றே நினைத்தாள். உமாசங்கர் ஆட்டோவை எடுக்காமல், கண்ணாடியில் அவளைப் பார்க்கவும் செய்யாமல், அவள் அழுது முடிக்கிறவரை ஹேண்டிலைப் பிடித்தபடி இருந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஷைஜுவின் போன். "சேச்சி, வேகம் வா. இவிடே க்யூ!" என்று கத்தினான்.

பள்ளிக்கூட கேட்டிலிருந்து திரும்பி, டீக்கடையைத் தாண்டி, சந்து முனை வரை வரிசை நின்றது. ஆறடிக்கு ஒருவராக, முந்நூறு தடவை கத்தியும் இதுவரை ஒருவரும் நிற்காத ஒழுங்கில் நின்றது. வரிசையின் தலையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பிச்சம்மாள்.

"அக்கா, நீங்களா?" என்றாள் பிரேமா.

"நேத்து மூணு மட்டம் ஆம்புலன்ஸ் வந்தத சன்னல் வழியா எண்ணிட்டுத்தான் இருந்தேன். இவ இன்னிக்கு என்ன சொல்லுவான்னு பாத்தேன். நீ ரெண்டுன்னு சொல்லியிருந்தேன்னு வை, ஒன் மைக்க நானே பிடுங்கிப் போட்டிருப்பேன். பத்தொம்பதுன்னு சொன்னே பாரு. அப்ப ரெண்டுன்னு சொன்ன அன்னிக்கும் ரெண்டுதான்னு வெளங்கிச்சு." பிச்சம்மாள் மூக்கை நீட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரேமாவுக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ளத்தான் கூடாதே, தெருத் தெருவாக அதைத்தானே மைக்கில் சொல்லியிருக்கிறாள்! வரிசையில் இருபதாவது ஆளாக, இரண்டு மாஸ்க் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். மாஸ்க் மறைத்தாலும் அண்ணாச்சியின் விபூதிப் பட்டை மறையவில்லை.

அன்றைக்கு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பேர். கடைக்காரர் சங்கம் தானாகவே மூன்று நாள் கடையைச் சாத்தியது. யாரும் உத்தரவு போடவில்லை. ஐந்து மணிக் கணக்கு பத்தொன்பதிலிருந்து பதினான்கானது, பதினொன்றானது, ஆறானது. சோதனை கூடக் கூடத் தொற்று குறைந்தது. பிச்சம்மாளின் நாள்காட்டித் தாளில் எண்கள் இறங்கி வருவதைச் சந்தே எட்டிப் பார்த்தது.

ஓணத்துக்கு முந்தின நாள் உத்ராடம். அன்றைக்குச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது என்பது வழக்கம். இந்தத் தடவை எப்படி என்று சங்கத்தில் மூளையைக் கசக்கினார்கள். "பிரேமா கூப்பிடட்டும். அவ கூப்பிட்டாத்தான் வருவாங்க, அவ நில்லுன்னா நிப்பாங்க" என்று அண்ணாச்சியே சொன்னார். பத்துப் பத்து வீடாக அவள் நம்பர் சொல்வது, அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது என்று ஏற்பாடு.

காலை எட்டு மணிக்குப் பிரேமா அதே சோற்றுக் குரலில் சொன்னாள். "பட்டாணிச் சந்து, ஒன்று முதல் பத்து வரை வீட்டுக்காரர்கள் கடைக்குப் போகலாம்."

முதலில் திறந்தது பிச்சம்மாளின் கதவு. கையில் அதே நீல வயர்க்கூடை. கதவைச் சாத்தி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, வெளிப்பக்கம் பூட்டைப் போட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். முகாமுக்குக்கூடக் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போன அந்தச் சந்தில், மார்ச்சுக்கு அப்புறம் ஒரு வீட்டுக்கு வெளிப்பூட்டு விழுந்தது அன்றைக்குத்தான். மாதக் கணக்காக ஆள் உள்ளேயே கிடந்த வீடுகளுக்குப் பூட்டு எதற்கு? பிரேமா நம்பர் சொல்லச் சொல்ல, பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின. அன்றைக்கு மதியம் வரை ஒரு நம்பரையும் அவள் தப்பவிடவில்லை.

மாலை ஐந்து மணிக்குச் சந்தில் ஆளே இல்லை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களுமாக எல்லோரும் கடைத்தெருவில் இருந்தார்கள். உமாசங்கர் ஆட்டோவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். பிரேமா மைக்கைத் தட்டியதும், பேரம் பேசிக்கொண்டிருந்த கடைத்தெரு அப்படியே வாயை மூடிக்கொண்டது. உத்ராடத்தன்று சாலை அமைதியாக இருந்ததை உமாசங்கர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நம்ம வார்டில் இன்றைக்குச் சோதித்தது நூற்று முப்பத்தோரு பேர். தொற்று இரண்டு பேருக்கு. சுகமாகி வந்தவர்கள் பதினேழு பேர்."

ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. சுமைக்காரர்கள் தலைத்துண்டைச் சுழற்றினார்கள். அண்ணாச்சி கடைப் படியில் நின்று, சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். மருந்துப் பையோடு ஓரமாக நின்ற ஷைஜு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். இந்தத் தெருவில் எத்தனையோ ஓணத்துக்கு எத்தனையோ கூவியிருக்கிறாள் பிரேமா, இப்படி ஒரு பதில் வந்ததில்லை.

சத்தம் அடங்கியதும் அவள் வழக்கமான முடிப்புக்கு வந்தாள். "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு..." என்றவள், நாளைக்குத் திருவோணம் என்பது ஞாபகம் வந்து நிறுத்தினாள்.

கூட்டத்திலிருந்து நீலக் கூடை ஒன்று உயர்ந்தது. "நாளைக்கு ஓணந்தான். அதுக்குன்னு விட்டுராதட்டி," என்று பிச்சம்மாள் கத்தினாள். "அஞ்சு மணிக்கு வந்துரு. நீ சொன்னாத்தான் எங்களுக்கு வெளங்கும்."